தாவீதுக்கு மன்னிப்பு, குழந்தைக்குச் சாவு: 2 சாமுவேல் 12-ஐ எப்படிப் படிப்பது?

தெற்குவாசல் எழுதியது:

எங்கள் வேதபாட வகுப்பு 2 சாமுவேல் 11, 12 என்ற இந்த இரண்டு அதிகாரங்களைத் தாண்ட மாட்டேன் என்கிறது. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். படை முழுவதும் தளபதி யோவாபோடு போய் ரப்பாவை முற்றுகை போட்டிருக்கிறது (இன்றைய ஜோர்தானின் தலைநகர் அம்மான்தான் அது). ராஜா தாவீது மட்டும் எருசலேமில் அரண்மனை மாடியில் உலாவுகிறார். குளிக்கிற பத்சேபாளைப் பார்க்கிறார், ஆள் அனுப்பி வரவழைக்கிறார். அவள் கர்ப்பம் என்று தெரிந்ததும் புருஷன் உரியாவைப் போர்முனையிலிருந்து கூப்பிட்டு, வீட்டுக்குப் போ என்கிறார். அவன் போகவில்லை. உடன்படிக்கைப் பெட்டியும் படையும் கூடாரத்தில் கிடக்கும்போது நான் வீட்டில் போய்ச் சாப்பிட்டுக் குடித்து மனைவியோடு படுப்பேனா என்கிறான். மறுநாள் குடிக்க வைத்தும் பார்த்தாயிற்று. கடைசியில் அவன் கையிலேயே யோவாபுக்கு ஒரு கடிதம். உள்ளே இருப்பது அவன் சாவு.

தீர்க்கதரிசி நாத்தான் வந்து, பணக்காரன் ஒருவன் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய கதையைச் சொல்லி, “நீயே அந்த மனுஷன்” என்று விரல் நீட்டுகிறார். தாவீது “பாவஞ்செய்தேன்” என்கிறார். உடனே பதில் வருகிறது: நீர் சாகாதபடிக்கு கர்த்தர் உம்முடைய பாவம் நீங்கச் செய்தார். சரி. அடுத்த வசனமே, உமக்குப் பிறந்த பிள்ளை நிச்சயமாய்ச் சாகும். ஏழாம் நாள் செத்தும் போகிறது.

லேவியராகமம் 20:10-ன்படி விபசாரத்துக்கு மரணம். கொலைக்கும் மரணம். இரண்டும் செய்தவர் உயிரோடு இருக்கிறார், ஒன்றும் செய்யாதது சாகிறது. அதே வேதத்தில் உபாகமம் 24:16 இருக்கிறது: பிதாக்களுக்காகப் பிள்ளைகள் கொல்லப்படக் கூடாது. வகுப்பில் ஐயர் (எங்கள் சபைப் போதகர்) சொன்ன பதில், “குற்றம் மன்னிக்கப்பட்டது, விளைவு மன்னிக்கப்படவில்லை.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விளைவு யார் தலையில் விழுந்தது என்பதுதானே கேள்வி? படித்தவர்கள் சொல்லுங்கள்.

கேள்விக்குறி எழுதியது:

இதில் என்ன குழப்பம்? அரசனை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று அரண்மனை எழுத்தர்கள் எழுதிய கதை. சாதாரண ஆள் செய்திருந்தால் அன்றைக்கே கல்லெறிந்து முடித்திருப்பார்கள். பெரிய இடம் என்றதும் “பாவஞ்செய்தேன்” என்ற ஒரு வார்த்தையில் ஆள் தப்பித்தாயிற்று. இன்றைக்கும் அப்படித்தானே நடக்கிறது?

பழைய ஏடு எழுதியது:

தம்பி கேள்விக்குறி, அரசனைக் காப்பாற்ற எழுதினால் எப்படி எழுதுவார்கள் என்று பார்க்க வேண்டுமா? 1 நாளாகமம் 20-ஐத் திறங்கள். அதே ரப்பா முற்றுகை, அதே “தாவீது எருசலேமில் இருந்தான்” என்ற வரி. அடுத்து நேராக நகரம் விழுகிறது, கிரீடம் தாவீதின் தலையில். நடுவில் மாடியும் இல்லை, பத்சேபாளும் இல்லை, உரியாவும் இல்லை, நாத்தானும் இல்லை. சுத்தமாகக் கத்தரித்துவிட்டார்கள். சாமுவேல் புத்தகம் எழுதியவர் கத்தரிக்கவில்லை. அது மட்டுமா, தாவீதின் வீரர்கள் பட்டியலை 23-ம் அதிகாரத்தில் போட்டு, முப்பத்தேழு பேரில் கடைசிப் பெயராக “ஏத்தியனாகிய உரியா” என்று முடிக்கிறார். பட்டியலைப் புகழுக்காகப் படித்துக்கொண்டு வருகிறவன் அந்தப் பெயரில் இடறி விழ வேண்டும். மத்தேயு முதல் அதிகாரத்து வம்சவரலாற்றிலும் பத்சேபாளின் பெயர் வராது, “உரியாவின் மனைவியாயிருந்தவள்” என்றுதான் வரும். ஆயிரம் வருஷத்துக்கு அப்புறமும் விடவில்லை.

தெற்குவாசலின் கேள்விக்கு வருகிறேன். 12-ம் அதிகாரத்தில் தீர்ப்பு ஒன்றல்ல, மூன்று. பிள்ளை சாகும் என்பது கடைசியாக வருவது. முதலில் வருவது, பட்டயம் (வாள்) உன் வீட்டை விட்டு விலகாது. இரண்டாவது, நீ ஒளிப்பிடத்தில் செய்ததை உன் பெண்டாட்டிகளுக்கு இன்னொருவன் பட்டப்பகலில் செய்வான். முதல் இரண்டையும் 13 முதல் 20 வரை உள்ள அதிகாரங்களோடு சேர்த்துப் படிக்காமல் இந்தக் கணக்கு புரியாது.

பட்டயம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? உரியா செத்த செய்தி வந்தபோது தாவீது யோவாபுக்குச் சொல்லி அனுப்பியதைப் பாருங்கள், 11:25. கவலைப்படாதே, பட்டயம் ஒருவேளை இவனைத் தின்னும், ஒருவேளை அவனைத் தின்னும், போர் என்றால் அப்படித்தான். எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்! அந்தப் பட்டயம்தான் திரும்பி வருகிறது. மூத்த மகன் அம்னோன் தன் தங்கை தாமாரைக் கெடுக்கிறான். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம் இரண்டு வருஷம் வாய் திறக்காமல் காத்திருந்து, ஆட்டு மயிர் கத்தரிக்கிற விருந்தில் அவனைக் கொல்கிறான். பிறகு அப்பா மேலேயே படையெடுத்து வருகிறான். எருசலேமுக்குள் நுழைந்ததும் அகித்தோப்பேல் அவனுக்கு ஒரு யோசனை சொல்கிறான்: உன் தகப்பனின் மறுமனையாட்டிகளிடத்தில் (வைப்பு மனைவிகளிடத்தில்) எல்லோரும் பார்க்கப் போ. கூடாரம் எங்கே போட்டார்கள்? அரண்மனை மாடியில்.

அகித்தோப்பேல் யார் என்பதையும் பாருங்கள். 11:3-ல் பத்சேபாள் எலியாமின் மகள். 23:34-ல் எலியாம் என்ற வீரன் அகித்தோப்பேலின் மகன். இரண்டு எலியாமும் ஒருவரே என்றால், தாவீதின் முதன்மை ஆலோசகனான அகித்தோப்பேல் பத்சேபாளின் தாத்தா. வேதம் இதை விளக்கிச் சொல்வதில்லை. ஆனால் அவ்வளவு நெருக்கமான ஆள் ஏன் கட்சி மாறினான், ஏன் மாடியைத் தேர்ந்தெடுத்தான் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை. அப்சலோமைக் கடைசியில் கர்வாலி மரத்தில் தொங்கும்போது குத்திக் கொன்றது யார்? உரியா கொண்டுவந்த கடிதத்தைப் பிரித்துப் படித்த அதே யோவாப்.

ஆக, வானத்திலிருந்து இடி விழவில்லை. அவர் கற்றுக் கொடுத்ததை அவர் வீட்டிலேயே செய்து காட்டினார்கள்.

நாகூர்க் காற்று எழுதியது:

நல்ல இழை. எங்கள் பக்கத்திலிருந்து ஒரு செய்தி. குர்ஆனில் 38-வது அத்தியாயம் ஸாத். தாவூத் நபி (அலை) தொழும் இடத்துக்குச் சுவர் ஏறிக் குதித்து இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் சொல்கிறார், இவர் என் சகோதரர், இவரிடம் 99 ஆடுகள், என்னிடம் ஒன்றே ஒன்று, அதையும் கேட்கிறார். தாவூத் நபி உடனே, உன் ஆட்டைக் கேட்டது அநியாயம் என்கிறார். பிறகுதான் இது தனக்கு வந்த சோதனை என்று உணர்ந்து, விழுந்து பாவமன்னிப்புத் தேடுகிறார். அல்லாஹ் மன்னிக்கிறான். அங்கே பத்சேபாளும் இல்லை, உரியாவும் இல்லை, குழந்தையும் இல்லை. நபியின் தகுதிக்கு அப்படி ஒரு செயல் பொருந்தாது என்று எங்கள் அறிஞர்கள் பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். அப்படியானால் தவறு என்ன என்பதற்கு ஒரு விளக்கம், எதிராளியின் பேச்சைக் கேட்காமலே தீர்ப்புச் சொன்னது.

“ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார்” என்ற வசனமும் குர்ஆனில் ஐந்து இடங்களில் வருகிறது. தெற்குவாசலின் உபாகமக் கேள்வி எங்களுக்குப் புதியதல்ல என்பதற்காகச் சொன்னேன்.

கேள்விக்குறி எழுதியது:

பாய், அது இன்னும் சுலபமாகப் போயிற்றே! குற்றத்தையே எடுத்துவிட்டால் தண்டனைக் கேள்வியே வராது.

நாகூர்க் காற்று எழுதியது:

குற்றத்தை எடுக்கவில்லை, தம்பி. நீதிபதியாக உட்கார்ந்தவர் அவசரப்பட்டால் அது சின்னக் குற்றமா? கோர்ட்டுக்கு ஒரு தடவை போனவரைக் கேட்டுப் பாருங்கள்.

செம்பருத்தி எழுதியது:

பழைய ஏடு சார் எழுதியது அருமை. ஆனால் “அவர் வீட்டிலேயே செய்து காட்டினார்கள்” என்று முடித்த இடத்தில் எனக்கு நெருடுகிறது. யார் மேல் செய்து காட்டினார்கள்? தாமார் மேல். அந்தப் பத்து மறுமனையாட்டிகள் மேல். அரண்மனையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி தாவீது அவர்களை விட்டுவிட்டு ஓடினார். கலகம் அடங்கித் திரும்பி வந்து அவர்களைக் காவல் வீட்டில் அடைத்தார், 20:3. சாகிற நாள் வரை உயிரோடு விதவைகளாக இருந்தார்கள். தாவீதுக்கு விதித்த தண்டனையை அனுபவித்தது அந்தப் பத்துப் பெண்கள். அவர்களுக்குப் பெயர்கூட இல்லை.

தாமார் விஷயத்தில் இன்னொன்று. நடந்ததைக் கேட்டு தாவீது மிகவும் கோபமாயிருந்தார் என்று 13:21 சொல்கிறது. அவ்வளவுதான். அம்னோனைக் கூப்பிட்டுக் கேட்டதாக ஒரு வரி கிடையாது. எப்படிக் கேட்பார்? “நீங்கள் மட்டும்?” என்று மகன் திருப்பிக் கேட்டால் வாய் இருக்கிறதா? ஒரு பாவத்தின் பலன் என்று நான் நினைப்பது இதைத்தான். தண்டிக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பவன் தண்டிக்கும் யோக்கியதையை இழந்துவிட்டான். அந்த வெற்றிடத்தில்தான் அப்சலோம் கத்தியோடு நுழைகிறான்.

நாத்தான் வந்துபோன பிறகு தாவீது பாடியதாகத் தலைப்பிட்ட 51-ம் சங்கீதத்திலும் எனக்கு ஒரு பழைய சண்டை உண்டு. “தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்தேன்” என்கிறது. ஒருவருக்கேயா? உரியாவுக்கு இல்லையா?

கேள்விக்குறி எழுதியது:

உரியாவோடு செத்த மற்ற சிப்பாய்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 11:17. “ஜனத்தில் சிலர்” என்று ஒரு வரியில் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டில் யாரும் சங்கீதம் எழுதவில்லை.

குருசடி எழுதியது:

அன்பானவர்களே, ரொம்ப ஆராய்ச்சி செய்கிறீர்கள். யாத்திராகமம் 20:5 தெளிவாகச் சொல்கிறது. பிதாக்களின் அக்கிரமம் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிக்கப்படும். தாவீதின் குழந்தை இதற்கு நேரடிச் சாட்சி. நம் குடும்பங்களில் அகால மரணம், தீராத வியாதி, கல்யாணத் தடை வந்தால் முன்னோர் செய்த பாவம் என்ன என்று ஆராய்ந்து அறிக்கையிட வேண்டும். சாபம் முறியும்.

வேப்பம்பூ எழுதியது:

இந்த இழையைச் சும்மா படித்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன். குருசடி அண்ணன் எழுதியதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

என் தங்கைக்குப் பிறந்த குழந்தை மூன்றாம் நாள் இறந்தது. குறைமாதம், நுரையீரல் வளரவில்லை, டாக்டர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். துக்கம் கேட்க வந்த ஒரு ஜெபக்கூட்டத்து மனிதர், நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, இதே அதிகாரத்தைத் திறந்து வாசித்தார். வாசித்துவிட்டு என் தங்கை கணவரைப் பார்த்து, “தம்பி, ஏதாவது மறைவான காரியம் இருந்தால் இன்றைக்கே அறிக்கையிட்டுவிடுங்கள்” என்றார். அவள் உள்ளே படுத்திருந்தாள், கதவு திறந்துதான் இருந்தது. அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் நடுவில் அந்தக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது. அவள் ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

அந்த வசனங்களுக்கு அதுதான் அர்த்தமா? எனக்கு இதற்கு மட்டும் யாராவது பதில் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நெறியாளர்:

குருசடி அவர்களைத் திட்டி வந்த இரண்டு பதிவுகளை எடுத்திருக்கிறேன். கருத்தோடு மோதுங்கள், ஆளோடு வேண்டாம்.

பழைய ஏடு எழுதியது:

வேப்பம்பூ அம்மா, இல்லை. அதற்கு அது அர்த்தமில்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

2 சாமுவேல் 12-ல் எது முதலில் வருகிறது? நடந்த குற்றம் முதலில். வாசகனுக்கு அது முழுவதும் தெரியும், கடிதத்தின் வாசகம் உட்பட. அப்புறம் தீர்க்கதரிசி வந்து, குழந்தைக்கு வியாதி வருவதற்கு முன்பே, குற்றவாளியின் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். குழந்தை சாவது கடைசியில். குற்றத்திலிருந்து சாவுக்குப் போகிற பாதை அது, அதுவும் ஒரு வீட்டுக்கு, ஒரு முறை, சொல்ல அதிகாரம் பெற்றவர் வாயால். உங்கள் வீட்டுக்கு வந்தவர் செய்தது இதற்கு நேர் எதிர். கையில் ஒரு சாவு இருக்கிறது, குற்றத்தைத் தேடுகிறார். இந்தத் திசையில் நடந்தவர்களை வேதம் எங்கே வைத்திருக்கிறது தெரியுமா? யோபுவின் நண்பர்கள் வரிசையில். யோபுவுக்குப் பத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் போனார்கள். அந்த நண்பர்களில் ஒருவனான பில்தாத் வந்து, உன் பிள்ளைகள் பாவம் செய்திருந்தால் அவர் அவர்களைத் தண்டித்திருப்பார் என்று, ஆறுதல் சொல்கிற தொனியிலேயே சொன்னான். புத்தகத்தின் முடிவில், 42:7-ல், கர்த்தர் எலிப்பாசிடம் சொல்வது: உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம் மூளுகிறது, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் (சரியாகப்) பேசவில்லை. இத்தனைக்கும் அவர்கள் மூவரும் கடவுளுக்கு ஆதரவாகத்தான் பேசினார்கள்!

யோவான் 9-ல் சீஷர்களே அந்தத் திசையில்தான் போகிறார்கள். இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவனா, பெற்றவர்களா? இயேசு இரண்டு பேரும் இல்லை என்கிறார். லூக்கா 13-ல் சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர், எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா? இல்லை என்கிறார்.

குருசடி, யாத்திராகம வசனத்தை முழுவதும் எழுதுங்கள். “என்னைப் பகைக்கிறவர்களைக்குறித்து” என்ற சொற்களை விட்டுவிட்டீர்கள். அடுத்த வசனத்தில் ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் என்று வருவதையும் விட்டுவிட்டீர்கள். அது கிடக்கட்டும். கி.மு. 597-ல் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போன யூதர்கள் நடுவே, கேபார் நதிப் பக்கம், இதே வாதம் ஊர்ப் பழமொழியாக ஓடிக்கொண்டிருந்தது: பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின. எசேக்கியேல் 18 முழுவதும் அந்தப் பழமொழிக்குத் தடை. இனி இஸ்ரவேலில் இதைச் சொல்லவே கூடாது. தகப்பன் துன்மார்க்கனாக இருந்து மகன் ஒழுங்காக இருந்தால் மகன் பிழைப்பான். பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும். அதற்கும் முன்பே அமத்சியா ராஜா தன் தகப்பனைக் கொன்றவர்களைத் தண்டித்தபோது அவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டான் என்று 2 இராஜாக்கள் 14:6 தனியாகக் குறித்து வைத்திருக்கிறது, உபாகமச் சட்டத்தைக் காரணம் காட்டி.

குருசடி எழுதியது:

லூக்கா 13-ல் அடுத்த வரியையும் நீங்கள் விட்டுவிட்டீர்களே. “நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள்.” யாரையும் புண்படுத்த நான் எழுதவில்லை. மனந்திரும்பச் சொல்வது தவறா?

பழைய ஏடு எழுதியது:

தவறே இல்லை. “நீங்கள்” என்று அவர் சொல்வது யாரை? வந்து வம்பு கேட்டவர்களை. செத்தவர்களின் வீட்டாரை அல்ல.

கேள்விக்குறி எழுதியது:

வேப்பம்பூ அக்கா, உங்கள் தங்கைக்கு நடந்தது கொடுமை. இந்த இழையில் முதல் தடவையாகப் பழைய ஏடு சாரோடு ஒத்துப்போகிறேன்.

ஆனால் சார், சாவிலிருந்து குற்றத்துக்குப் பின்பக்கமாக ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள், முன்பக்கமாவது ஓடுகிறதா? மனாசே, யூதாவின் ராஜாக்களிலேயே மோசமானவன், எருசலேமை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இரத்தத்தால் நிரப்பினான் என்று உங்கள் புத்தகமே சொல்கிறது. 55 வருஷம் ஆண்டான், யூதாவில் வேறு எந்த ராஜாவும் அவ்வளவு ஆண்டதில்லை. அவன் பேரன் யோசியா, நல்ல ராஜாக்களில் முதல் வரிசை. 39 வயதில் மெகிதோவில் பார்வோன் நேகோவின் கையில் செத்தான், கி.மு. 609. கடைசியில் எருசலேம் அழிந்ததற்குக் காரணம் மனாசேயின் பாவம் என்று 2 இராஜாக்கள் 24 சொல்கிறது. தாத்தா தின்ற காய், கொள்ளுப்பேரன்களுக்குப் பல் கூசுகிறது. எசேக்கியேல் மறுத்தார் என்றால், அதே வேதத்தில் இன்னொருவர் அதையே எழுதியிருக்கிறார். தெற்குவாசல் கேட்ட, தாவீதின் குழந்தை பற்றிய கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை.

தெற்குவாசல் எழுதியது:

வரவில்லைதான். பழைய ஏடு சாரின் பதிவுக்குப் பிறகு அந்த அதிகாரத்தைத் திரும்பப் படித்தேன். அதில் யாரும் அந்தச் சாவை நியாயம் என்று சொல்லவில்லை. நாத்தான் அறிவிக்கிறார், வீட்டுக்குப் போய்விடுகிறார். தாவீது என்ன செய்கிறார்? தீர்ப்பு வந்துவிட்டது, தலைகுனிந்து ஏற்றுக்கொள்வோம் என்று இருக்கவில்லை. தரையில் கிடந்து, சாப்பிடாமல், மூப்பர்கள் வந்து எழுப்பியும் எழும்பாமல், அந்தத் தீர்ப்புக்கு எதிராகவே மன்றாடுகிறார். ஒருவேளை கர்த்தர் இரங்குவார் என்று. கர்த்தர் சொல்லிவிட்டாரே என்று அடங்கிப் போவதை அங்கே பக்தியாகக் காட்டவில்லை. “இந்தக் காரியத்தைச் செய்த மனுஷன் மரணத்திற்குப் பாத்திரன்” என்று அதிகாரத்தில் ஒரே ஒரு ஆள்தான் நியாயம் பேசுகிறார், அதுவும் தாவீது, அதுவும் தன்னைப் பற்றி என்று தெரியாமல்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தப் பணக்காரன் ஆட்டுக்காக “நாலத்தனையாய்” திரும்பச் செலுத்த வேண்டும் என்று தாவீது சொல்கிறார், யாத்திராகமம் 22:1-ன் சட்டம். யூத ரபிமார் தல்மூதில் (அவர்களுடைய வேதச் சட்ட விளக்கத் தொகுப்பு) அந்த நான்கை எண்ணியிருக்கிறார்கள்: குழந்தை, அம்னோன், தாமார், அப்சலோம். தன் வாயால் சொன்ன தண்டனையைத் தானே கட்டினார் என்று. செம்பருத்தி கேட்டதை நானும் கேட்கிறேன். கட்டியது அவரா?

செம்பருத்தி எழுதியது:

கேள்விக்குறி சொன்ன முரண்பாடு உண்மை. அதை மூடி மறைக்க வேண்டாம். ஒரே புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது, 21-ம் அதிகாரம். மூன்று வருஷம் பஞ்சம். காரணம், தாவீதுக்கு முன்பிருந்த ராஜா சவுல் கிபியோனியர் என்ற இனத்தாரைக் கொன்றான் என்று பதில் வருகிறது. சவுல் செத்துப் பல காலம். கிபியோனியர் அவன் பிள்ளைகளிலும் பேரன்களிலும் ஏழு பேரைக் கேட்கிறார்கள், தாவீது கொடுத்துவிடுகிறார். மலையில் தூக்கிலிடுகிறார்கள். உபாகமம் 24:16 அப்போது எங்கே போயிற்று?

ஏழில் இரண்டு பேருக்குத் தாய் ரிஸ்பாள், சவுலின் மறுமனையாட்டி. அவள் ஒரு இரட்டுத் துணியை (துக்கத்துக்கு உடுத்தும் முரட்டுத் துணி) எடுத்துப் பாறையில் விரித்து உட்கார்ந்துகொள்கிறாள். வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்திலிருந்து மழை பெய்கிற வரைக்கும். பகலில் பறவைகளையும் இரவில் காட்டு மிருகங்களையும் அந்த உடல்கள் மேல் விடவில்லை. யாரிடமும் வாதாடவில்லை, ஒரு வார்த்தை பேசியதாக இல்லை. செய்தி தாவீதுக்குப் போகிறது. அப்புறம்தான் அவருக்கு உறைக்கிறது. சவுல், அவன் மகன் யோனத்தான் எலும்புகளையும் தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்து எடுத்து முறையாக அடக்கம் செய்ய வைக்கிறார்.

இப்போது 14-ம் வசனத்தைப் பாருங்கள். “அதன்பின்பு தேவன் தேசத்திற்காகச் செய்யப்பட்ட வேண்டுதலைக் கேட்டருளினார்.” எதன் பின்பு? ஏழு பேரைத் தூக்கிலிட்டதும் பஞ்சம் தீர்ந்தது என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அடக்கம் முடிந்த பிறகு என்றுதான் எழுதியிருக்கிறது. எழுதியவர் யார் பக்கம் நின்றார் என்பது எனக்கு அங்கே தெரிகிறது.

கேள்விக்குறி எழுதியது:

இதை நான் படித்ததே இல்லை. ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் இன்றைக்குப் படிக்கிறேன்.

வேப்பம்பூ எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பழைய ஏடு ஐயாவின் பதிவைத் தங்கை கணவருக்கு அனுப்பினேன். அவர் பதில் எதுவும் எழுதவில்லை, ஆனால் தங்கைக்குக் காட்டினாராம். ரிஸ்பாள் கதையை நான் நேரில் போய் அவளோடு உட்கார்ந்து படிக்கலாம் என்றிருக்கிறேன், அவள் சரி என்றால்.

அந்த ஜெபக்கூட்டத்து மனிதர் வருஷ நினைவுக்கு நிச்சயம் வருவார். காபி கொடுத்துவிட்டு யோபு 42:7-ஐ அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லப் போகிறேன்.

தெற்குவாசல் எழுதியது:

அடுத்த வாரம் எங்கள் வகுப்பில் 13-ம் அதிகாரம், நான்தான் நடத்த வேண்டும். செம்பருத்தி, தாவீது அம்னோனை ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளட்டுமா? 51-ம் சங்கீதச் சண்டையைத் தனி இழையாகத் தொடங்குங்கள், நானும் வருகிறேன்.